விருப்பம்போல் அனுப்பலாம்

விமரிசனம் என்றால் ஒரு நாவலையோ கவிதைத் தொகுதியையோ எடுத்து வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும் என்று ஓர் எண்ணம் நம்மிடையே இருந்து வருகிறது. எனக்கு அதில் சம்மதமில்லை. அச்சில் வந்த எதையும் விமரிசனம் செய்யலாம். ரயில்வே கால அட்டவணை, மருந்துப் புட்டியோடு வரும் துண்டுக் காகிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாமே யாரோ ஒருவர் எழுதியவைதாம். யாரோ ஒருவர் அவற்றைப் படிக்கிறார். எழுதியவர் நினைத்ததும் படித்தவர் புரிந்துகொண்டதும் ஒன்றுதானா என்று பார்ப்பது விமரிசகனின் வேலை இல்லையா?

இந்த முறை நான் எடுத்துக்கொண்டிருப்பது இரண்டே வாக்கியங்கள். அமெரிக்காவின் பெரிய கல்லூரிகளில் பல, 2020-ம் ஆண்டில் தங்கள் அனுமதி அறிவிப்பில் சேர்த்துக்கொண்ட வாக்கியங்கள் அவை. ஒவ்வொரு கல்லூரியும் தன் தன் சொற்களில் எழுதியது என்றாலும் சாரம் ஒன்றுதான். பரீட்சை மதிப்பெண்ணை அனுப்புவதும் அனுப்பாததும் விண்ணப்பம் செய்பவரின் விருப்பம். அனுப்பாதவர்களுக்கு அதனால் எந்தக் குறையும் நேராது.

எவ்வளவு மரியாதையான வசனம்! அதட்டல் இல்லை, நிபந்தனை இல்லை, கடைசித் தேதியைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. நமது காரியாலயங்களிலிருந்து வரும் கடிதங்களைப் படித்துப் பழகியவனுக்கு இது சங்கீதம் மாதிரி இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அதனால் வந்த வினையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பரீட்சையைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் பிளஸ் டூவைப் போல எல்லாப் பள்ளிக்கும் பொதுவான ஓர் இறுதிப் பரீட்சை அங்கே கிடையாது. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் தன் பிள்ளைகளுக்குத் தானே மார்க்குப் போட்டுக்கொள்கிறது. ஒரு பள்ளியில் தாராளம். இன்னொரு பள்ளியில் கஞ்சத்தனம். ஆகவே எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க எஸ்.ஏ.டி. என்று ஒரு பரீட்சை. ஆங்கிலத்துக்கு 800, கணக்குக்கு 800, மொத்தம் 1600. இதற்குப் போட்டியாக 1959-ல் ஏ.சி.டி. என்று இன்னொன்றும் வந்தது. இரண்டில் எதை எழுதினாலும் சரி என்பது வழக்கம்.

எஸ்.ஏ.டி.யின் பிறப்பு அவ்வளவு பெருமைப்படத்தக்கதல்ல. 1926 ஜூன் 23 அன்று சுமார் 8,000 பேர் அதை முதன்முதலாக எழுதினார்கள். தயாரித்தவர் கார்ல் பிரிகம் என்ற பிரின்ஸ்டன் மனோதத்துவப் பேராசிரியர். முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களின் புத்தியை அளப்பதற்கென்று நடத்திய பரீட்சைகளின் கணக்கை வைத்துக்கொண்டு 1923-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். வட ஐரோப்பிய இனத்தாருக்கே புத்தி அதிகம், மற்றவர்கள் வந்து குடியேறக் குடியேற அமெரிக்காவின் புத்தி மழுங்கிப் போகும் என்பது அதன் முடிவு. ஏழு வருஷம் கழித்து, 1930-ல், தம் ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமே இல்லை என்று அவரே எழுதினார். புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், தான் எழுதியதைத் தானே பகிரங்கமாகத் தள்ளுகிறவன் வெகு அபூர்வம். பிரிகமுக்கு அந்த நேர்மை இருந்தது. ஆனால் புத்தகத்தைத் தள்ளியது போலப் பரீட்சையைத் தள்ள முடியவில்லை. அது அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

போய்ச் சேர்ந்த இடம் ஹார்வர்டு. 1933-ல் அதன் தலைவராக வந்த ஜேம்ஸ் பிரையன்ட் கோனன்ட்டுக்கு ஒரு நல்ல ஆசை. கிழக்குக் கரையின் பணக்காரப் பள்ளிகளிலிருந்து வழிவழியாக வந்துகொண்டிருந்த கனவான்களின் பிள்ளைகளோடு, எங்கோ ஒரு சிற்றூரில் கெட்டிக்காரனாக இருக்கும் ஏழைப் பையனையும் உபகாரச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவர வேண்டும் என்பது அது. அவனைக் கண்டுபிடிப்பது எப்படி? அவருடைய உதவியாளர் ஹென்றி சான்சி கண்டுகொண்டு வந்தது எஸ்.ஏ.டி. இதே சான்சிதான் பின்னால், 1947-ல், பரீட்சை நடத்துவதற்கென்றே ஏற்பட்ட ஸ்தாபனத்துக்கு முதல் தலைவரானவர்.

இந்தக் கதையை நிகலஸ் லெமன் 1999-ல் வெளியிட்ட 'தி பிக் டெஸ்ட்' என்ற புத்தகத்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். அதன் முற்பாதி ஒரு நல்ல நாவல் போலவே ஓடுகிறது. சான்சி ஒரு பாதிரியாரின் மகன். அப்பாவுக்கு வேதத்தில் இருந்த நம்பிக்கை பிள்ளைக்குப் பரீட்சையில் இருந்தது. மனிதனுக்குள் இருப்பதையெல்லாம் அளந்துவிடலாம் என்று நம்பிய அந்த மனிதரை லெமன் கேலி செய்யவில்லை. கூடவே நடந்து போகிறார். பிற்பாதியில் புத்தகம் கலிபோர்னியா அரசியலுக்குள் நுழைந்து கொஞ்சம் தளர்ந்துவிடுகிறது. இருந்தாலும் படிக்க வேண்டிய புத்தகம்.

அதைப் படித்தவர்கள் ஜெரோம் காரபெல் 2005-ல் எழுதிய 'தி சோசன்' என்ற பெரிய புத்தகத்தையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும். மொத்தமான புத்தகம், கையில் பிடித்துப் படுத்துக்கொண்டு படிக்க முடியாது. அதில் சொல்லப்படும் விஷயம் இது. 1920-களின் தொடக்கத்தில் ஹார்வர்டில் நுழைந்தவர்களில் ஐந்தில் ஒருவர் யூதர். எழுத்துப் பரீட்சையில் தேறி வந்தவர்கள். அப்போதைய தலைவர் லோவலுக்கு இது பொறுக்கவில்லை. நேரடியாக ஓர் எல்லை வைக்கப் பார்த்தார், எதிர்ப்புக் கிளம்பியது. பிறகு வேறு வழி பிறந்தது. படிப்பு மட்டும் போதாது, 'குணம்' வேண்டும் என்றார்கள். புகைப்படம் கேட்டார்கள், நேரில் பேசிப் பார்த்தார்கள், சிபாரிசுக் கடிதம் கேட்டார்கள். தகப்பனாரின் பெயர் எப்போதாவது மாற்றப்பட்டதா என்றுகூட விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. குணம் என்ற சொல்லை அளக்க எந்தத் தராசும் கிடையாது. அதுதான் அந்தச் சொல்லின் சௌகரியம்.

ஆக, அந்த நாட்டில் கல்லூரிக் கதவுக்கு இரண்டு பூட்டுகள். ஒன்று எண்; அதன் பிறப்பில் களங்கம் உண்டு. மற்றது கதை, அதன் பிறப்பிலும் களங்கம் உண்டு. ஒன்றைத் திட்டுகிறவர்கள் மற்றதைச் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள்.

எண்ணை அவர்கள் அடிக்கடி திருத்தியும் வந்திருக்கிறார்கள். எஸ்.ஏ.டி. என்ற மூன்று எழுத்தில் நடு எழுத்து முதலில் 'இயல்பான திறமை' என்பதைக் குறித்தது. இயல்பான திறமை என்று ஒன்றை அளக்கிறோமா என்ற சந்தேகம் வலுத்ததும் 1990-களில் அதை 'மதிப்பீடு' என்று மாற்றினார்கள். மதிப்பீட்டுப் பரீட்சை என்றால் பரீட்சைப் பரீட்சை என்றல்லவா ஆகிறது? பிறகு, இந்த மூன்று எழுத்துக்கும் எந்த விரிவும் இல்லை, அதுவே பெயர் என்று அறிவித்துவிட்டார்கள். 2005-ல் கட்டுரை எழுதும் பகுதி ஒன்றைச் சேர்த்து மொத்தத்தை 2400 ஆக்கினார்கள். 2016-ல் திரும்பவும் 1600. 2024-ல் அமெரிக்காவில் காகிதமும் பென்சிலும் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. மூன்று மணி நேரம் இரண்டே கால் மணியாகச் சுருங்கியது. இந்த மாற்றங்களையெல்லாம் பிள்ளைகள் சமாளித்துக்கொண்டார்கள். விதி மாறியது எல்லாருக்கும் தெரியும்படி மாறியது, பழகிக்கொள்ளலாம்.

'விருப்பம்' என்ற சொல் வந்ததுதான் வேறு விதமான மாறுதல். அது முற்றிலும் புதிதல்ல. மேய்ன் மாநிலத்தில் போடன் என்ற சிறிய கல்லூரி 1969-லேயே எஸ்.ஏ.டி. கட்டாயமில்லை என்று முடிவு செய்தது. ஆனால் பெரிய பெயர்களெல்லாம் அந்தப் பக்கம் போனது 2020-ல், கொரோனாவால் பரீட்சைக் கூடங்கள் மூடிக்கிடந்தபோது. பரீட்சை எழுத இடமே இல்லாத பிள்ளையிடம் மதிப்பெண் கேட்க முடியுமா? நியாயமான காரியம்தான். தொற்று தணிந்து கூடங்கள் திறந்த பிறகும் அந்தச் சொல் அப்படியே தங்கிவிட்டது.

2022-ம் வருஷம் இலையுதிர் காலத்தில் நான் நியூ ஜெர்சியில் என் தங்கை வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். தங்கை மகளுக்கு அது விண்ணப்பம் போடும் பருவம். வீடே யாகசாலை மாதிரி இருந்தது. பதினான்கு கல்லூரிகள். அவற்றின் தேதிகளை ஒரு பெரிய அட்டையில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்தார்கள். மணிக் கணக்குப்படி பணம் வாங்கிக்கொள்ளும் ஓர் ஆலோசகி வாரம் ஒருமுறை கம்ப்யூட்டரில் தோன்றுவார். அவர் பேசும்போது மாப்பிள்ளைகூடத் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார்.

பெண்ணுக்கு வந்திருந்த மதிப்பெண் 1430. நல்ல எண் என்றுதான் நான் நினைத்தேன். ஆலோசகி ஒரே நொடியில் சொன்னார்: "இதை அந்தப் பெரிய கல்லூரிகளுக்கு அனுப்பாதீர்கள். உங்கள் பள்ளியில் 1500-க்கு மேல் வாங்கியவர்கள் நிறைய இருக்கிறார்கள். இது உங்களைக் கீழே இழுக்கும்." அவ்வளவுதான். விஷயம் முடிந்தது, கட்டுரைக்குப் போனார்கள்.

கட்டுரை என்பது விண்ணப்பத்தோடு சேர்ந்து போகும் சுயசரிதைத் துணுக்கு. 650 வார்த்தைக்கு மேற்படக் கூடாது. இந்த இலக்கிய வகையைப் பற்றி ஒரு கதைக்காரன் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. பதினேழு வயதில் யாருக்கும் கதை கிடையாது. கதை இனிமேல்தான் நடக்க வேண்டும். ஆனாலும் கேட்கிறார்கள். ஆகவே பிள்ளைகள் செய்கிறார்கள். முதல் பத்தியில் ஒரு வாசனை, நடுவில் ஒரு கஷ்டம், முடிவில் ஞானோதயம். என் மருமகள் தன் பாட்டி கோலம் போடுவதைப் பற்றி எழுதினாள். புள்ளிகளை இணைக்கும்போது தன் இரண்டு தேசங்களையும் இணைத்துக்கொண்டாளாம். பாட்டி என்பது என் தாயார். அவர் கோலம் போட்டு நான் பார்த்ததே இல்லை. குனிந்தால் இடுப்பு வலி, வேலைக்காரிதான் போடுவாள். இதைச் சொன்னதும், "மாமா, ப்ளீஸ்!" என்று கத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆலோசகியின் மேற்பார்வையில் அந்தக் கட்டுரை ஏழு பிரதி கண்டது. ஒவ்வொரு பிரதியிலும் கோலம் பெரிதாகிக்கொண்டே போயிற்று.

நான் கதை எழுதிச் சாப்பிடுகிறவன். கதையை நுழைவுச் சீட்டாக வைத்தால் என் இனத்தார் பிழைத்துக்கொள்வார்கள் என்று சந்தோஷப்பட வேண்டியவன். ஆனால் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. கதைக்குப் பிரதி திருத்த ஆள் வைக்கலாம். ஏழாவது பிரதியைப் பார்க்கிறவருக்கு முதல் பிரதி தெரியாது. 2021-ல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் கலிபோர்னியா சர்வகலாசாலைக்கு விண்ணப்பித்த சுமார் 60,000 பேரின் கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். கட்டுரையில் உள்ள விஷயத்துக்கும் குடும்ப வருமானத்துக்கும் இருக்கும் உறவு, எஸ்.ஏ.டி. மதிப்பெண்ணுக்கும் வருமானத்துக்கும் இருப்பதைவிட நெருக்கமானது என்று கண்டார்கள். மதிப்பெண்ணில் பணத்தின் வாடை இல்லையென்று சொல்ல மாட்டேன். கட்டுரையில் அதைவிட அதிகம் வீசுகிறது என்பதுதான் விஷயம்.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமைதோறும் ஊர் நூலகத்துக்கு மருமகளோடு நானும் போவேன். அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதி. பக்கத்து ஊர்க்காரி, அந்த ஊர் ஏழை ஊர். மெக்ஸிகோவிலிருந்து வந்த தாய் எங்கள் பகுதியில் ஒரு சலவைக் கடையில் வேலை செய்தாள். மகள் அவளோடு பஸ்ஸில் வந்து, கடை மூடும்வரை நூலகத்தில் உட்கார்ந்து படிப்பாள். என் மருமகள் என்னை மாமா என்று கூப்பிடுவதைக் கேட்டு அந்தப் பெண் முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் பாஷையில் மாமா என்றால் அம்மாவாம். அப்புறம் அவளும் என்னை மாமா என்றே கூப்பிட ஆரம்பித்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

அவளும் ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். திருத்துவதற்கு யாரும் இல்லை. சலவை இயந்திரங்களின் அடியில் கிடைக்கும் பொத்தான்களை அவள் தாய் ஒரு ஜாடியில் போட்டு வைப்பதைப் பற்றி எழுதியிருந்தாள். யாராவது தேடிக்கொண்டு வருவார்கள் என்று வைத்திருக்கிறாளாம், ஒருவரும் வந்ததில்லை. ஞானோதயம் எதுவும் இல்லாமல் அங்கேயே கட்டுரை நின்றுவிட்டது. எனக்குப் பொறாமையாக இருந்தது.

அவள் விண்ணப்பம் போட்டது மொத்தம் நான்கே இடங்களுக்கு. அவற்றில் ஒன்று, என் மருமகளும் ஆசைப்பட்ட பெரிய கல்லூரி. இந்தப் பெண்ணின் மதிப்பெண்ணும், ஆச்சரியமாக, 1430. அவள் பள்ளியில் அதுதான் அந்த வருஷத்தின் முதல் மதிப்பெண். கல்லூரியின் அறிவிப்பை என் முன்னால் வைத்தாள். "மாமா, நீங்கள் எழுத்தாளர். இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முறை படித்தேன். விருப்பம். குறை நேராது. பக்கத்திலேயே ஓர் அட்டவணை: அந்தக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் நடுப் பாதிப் பேரின் மதிப்பெண் 1490-லிருந்து 1550 வரை. எழுதியிருப்பதற்கு எழுதியிருப்பதே அர்த்தம் என்று தீர்ப்புச் சொன்னேன். "அட்டவணையைப் பார், உன் எண் அதற்குக் கீழே இருக்கிறது. என் மருமகளும் அதே எண்தான், அவள் அனுப்பவில்லை. நீயும் அனுப்பாதே. அனுப்பாவிட்டால் குறையில்லை என்று அவர்களே சொல்கிறார்களே!" அவள் நன்றி சொல்லிவிட்டு அனுப்பாமல் விட்டாள்.

மார்ச்சுக் கடைசியில், நான் ஊர் திரும்பிய பிறகு, சேதி வந்தது. அந்தக் கல்லூரியில் இருவருக்கும் இடமில்லை. பதினான்கு போட்டிருந்ததால் மருமகளுக்கு வேறொரு நல்ல கல்லூரி கிடைத்தது. அந்தப் பெண் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அரசாங்கக் கல்லூரியில் சேர்ந்தாள். நன்றாகத்தான் படிக்கிறாள்.

2024 பிப்ரவரியில் டார்ட்மத் கல்லூரி, பரீட்சையைத் திரும்பக் கட்டாயமாக்குவதாக அறிவித்தது. அதற்குக் காரணமாக, அதன் பேராசிரியர்கள் நால்வர் செய்த ஆராய்ச்சியையும் வெளியிட்டது. அனுமதிக் குழு அப்போது பார்க்காத மதிப்பெண்களையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து விண்ணப்பித்த பிள்ளைகளில் நூற்றுக்கணக்கானவர்கள், 1400-ஐ ஒட்டிய மதிப்பெண்களை, அட்டவணையைப் பார்த்துப் பயந்து மறைத்துவிட்டார்கள். அனுப்பியிருந்தால் அவர்களுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்புக் கூடியிருக்கும். ஏனென்றால் குழு அந்த எண்ணைத் தனியாகப் பார்ப்பதில்லை. எந்தப் பள்ளியிலிருந்து, எப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த எண் என்று சேர்த்துப் பார்க்கிறது. பணக்காரப் பள்ளியின் 1430 ஒரு சாமானிய எண். சலவைக் கடைக்காரி மகளின் 1430, கையைத் தட்டிக் கூப்பிடும் எண்.

இதைப் படித்தபோது காப்பி ஆறிப்போயிற்று. அந்த அட்டவணையும் என்னை ஏமாற்றியிருந்தது. 'நடுப் பாதி' என்பது மதிப்பெண் அனுப்பியவர்களில் நடுப் பாதி. குறைந்த மதிப்பெண்காரர்கள் அனுப்பாமல் விட விட, அட்டவணை உயர்ந்துகொண்டே போகிறது. அதைப் பார்த்து அடுத்த வருஷம் இன்னும் பலர் அனுப்பாமல் விடுகிறார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு எண்ணும் உண்மை.

இப்போது அந்த இரண்டு வாக்கியங்களுக்கு வருகிறேன். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் கீழே சிறிய எழுத்தில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் படித்துவிட்டு யார் வெறுங்கையோடு போகிறார்கள்? தாய்மாமன் போக மாட்டான். சம்பந்தி வீட்டார் போக மாட்டார்கள். எதிர்வீட்டுக்காரர், இவர் நிஜமாகவே வேண்டாம் என்கிற ரகமா, மரியாதைக்குச் சொல்கிற ரகமா என்று மனைவியிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு அதன்படி செய்வார். ஊருக்குப் புதிதாக வந்த ஒருவன்தான் அச்சிட்டதை நம்பி வெறுங்கையோடு போய் நிற்பான். பத்திரிகையில் பிழை இல்லை. அவனுக்குச் சொல்வாரில்லை.

நம் பழைய இலக்கணக்காரர்கள் சொல்லின் பொருளை வெளிப்படை என்றும் குறிப்பு என்றும் பிரித்தார்கள். அகப்பாட்டில் தோழி மலையைப் பற்றிப் பேசினால் மலையைப் பற்றி மட்டும் பேசவில்லை. அது நமக்குப் புரிகிறதென்றால் உரையாசிரியர்கள் வழிவழியாகச் சொல்லி வைத்ததால். உள்ளுறையும் இறைச்சியும் காதலுக்குப் பொருத்தமானவை. தலைவனுக்குப் புரியாவிட்டால் தோழி இன்னொரு நாள் வேறு விதமாகச் சொல்லிக்கொள்ளலாம். கல்லூரி அறிவிப்புக்கு இன்னொரு நாள் கிடையாது. என் தங்கை வீட்டில் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வாரா வாரம் தோன்றியவர் வேறு யார்? உரையாசிரியர்தான். "உங்கள் பள்ளியில்" என்று அவர் சொன்ன ஒரு சொல்லில் முழு உரையும் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் காதில் ஏறவில்லை. உரையைப் பாதி மட்டும் கேட்டுக்கொண்டு போய், அதே எண்தானே என்று இன்னொரு பாட்டுக்குப் பொருத்திவிட்டேன்.

பரீட்சைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 2023-ல் ராஜ் செட்டியும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆராய்ச்சி இருக்கிறது. ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பிள்ளைகளில், நாட்டின் உச்சிப் பணக்காரர்களான நூற்றில் ஒரு வீட்டுப் பிள்ளை பெரிய கல்லூரிகளில் சேரும் வாய்ப்பு, நடுத்தர வீட்டுப் பிள்ளையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்கிறது அது. பழைய மாணவரின் பிள்ளை, விளையாட்டு வீரர், படிப்புக்குப் புறம்பான சாதனைகள் இவற்றுக்குக் கொடுக்கும் சலுகைதான் காரணமாம். எண் இருந்தும் இந்தக் கதி.

ஆனால் எண்ணைக் கேட்டால் எல்லாரிடமும் கேள், வேண்டாமென்றால் எல்லாருக்கும் வேண்டாம் என்று சொல் என்பதில் ஒரு யோக்கியம் இருக்கிறது. கலிபோர்னியா சர்வகலாசாலை அப்படித்தான் செய்தது. அனுப்பினாலும் பார்க்க மாட்டோம் என்றது. எம்.ஐ.டி. 2022 மார்ச்சில், கட்டாயம் வேண்டும் என்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் விரோதம். இரண்டுக்கும் உரையாசிரியர் வேண்டாம். நம் ஊரில் தொழிற்கல்விக்கான பொது நுழைவுத் தேர்வை 2007-ல் சட்டம் போட்டு எடுத்தோம். 2017-ல் மருத்துவப் படிப்புக்கு நீட் வந்து சேர்ந்தது. அந்தச் சண்டையில் யார் எந்தப் பக்கம் இருந்தாலும், உண்டா இல்லையா என்பது பற்றிச் சந்தேகமில்லை. 'அவரவர் விருப்பம்' என்று மட்டும் நம்மவர்கள் சொல்லவில்லை.

டார்ட்மத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. அதே பிப்ரவரியில் யேல், ஏதாவது ஒரு பரீட்சை மதிப்பெண் வேண்டும், ஆனால் நான்கு வகையில் எதையும் அனுப்பலாம் என்றது. மார்ச்சில் பிரவுன். ஏப்ரலில் ஹார்வர்டும், அதுவரை அனுப்பினாலும் பார்க்க மாட்டேன் என்றிருந்த கால்டெக்கும். ஹார்வர்டு 2021-லேயே, இன்னும் நாலு வருஷத்துக்கு விருப்பம்தான் என்று வாக்குக் கொடுத்திருந்தது. அதை நம்பிப் பரீட்சைக்குப் பணம் கட்டாமல் இருந்த பிள்ளைகள் கோடையில் அலறிப் புடைத்துக்கொண்டு கூடம் தேடினார்கள். கொலம்பியாவோ 2023-ல், நிரந்தரமாகவே விருப்பம் என்று அறிவித்திருந்தது. 2024 இலையுதிர் காலத்தில் விண்ணப்பம் போட்ட ஒரு பிள்ளையின் மேஜையில் ஒரே எண், ஓர் இடத்தில் கட்டாயம், ஓர் இடத்தில் விருப்பம், ஓர் இடத்தில் தீண்டத்தகாதது. தங்கை வீட்டு அட்டையில் இதற்கெல்லாம் இடமிருந்திருக்காது.

அனுப்பியிருந்தால் அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. அனுப்பியும் கிடைக்காதவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். நான் பல நாள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் மருமகளைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். டார்ட்மத் ஆராய்ச்சியைப் பற்றிச் சொல்லி, "உன் சிநேகிதி இதைப் படித்திருப்பாளா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. "அதை எனக்கு முதலில் அனுப்பியதே அவள்தான், மாமா. மாமாவுக்குக் காட்டாதே என்று எழுதியிருந்தாள்" என்றாள்.